மணி தைத்தவர்களின் பட்டியல்

முகாம் வாசலில் ஜீப் சத்தம் கேட்டால் போதும், எங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்த அக்கா கையில் இருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு எழும்பிவிடுவார். அடுப்பில் சோறு கொதித்தாலும் சரி, கிணற்றடியில் பாதித் தலை முழுகியபடி நின்றாலும் சரி. ஈரத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு, இடுப்பில் செருகியிருக்கும் பொலித்தீன் பையை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டு, வாசலில் முதல் ஆளாக நிற்பார். அந்தப் பைக்குள் எங்கள் வரிசைக் கொட்டில்களில் இருந்த எல்லோருடைய பெயரும் வயதும் எழுதிய கொப்பித் தாள்கள் இருந்தன. எழுதியவள் நான். அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்த வரியில் யார் பெயர் இருக்கிறது என்று விரலை வைத்துப் பிசகாமல் சொல்லுவார்.

வந்தவர் யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் அவருக்கு அவசியமில்லை. ஒருமுறை மலேரியாவுக்குப் புகையடிக்க வந்த பெடியனை மறித்து, எங்கள் வரிசையின் பெயர்களை ஒவ்வொன்றாக ஒப்புவிக்கத் தொடங்கினார். அவன் திகைத்துப் போனான்.

"அம்மா, நான் புகை அடிக்க வந்தனான்."

"அடிங்க தம்பி, யாரு வேணாம்னா? அடிச்சிட்டு இதையும் எழுதிக்கிட்டுப் போங்க. பேரு இருக்கட்டும்."

அவன் சிரித்துக்கொண்டு தன் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதினான். கடைசிப் பெயர் வரைக்கும் எழுதி முடிக்காமல் அக்கா அவனை விடவில்லை. அவன் அந்தக் கொப்பியை வைத்து என்ன செய்தானோ தெரியாது.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடியவர்கள் நாங்கள். வட்டக்கச்சியில் எங்கள் வயல். அங்கிருந்து ஒட்டுசுட்டான் காட்டோரம் போய்ச் சில மாதம் கிடந்து, பிறகு அம்மாவும் நானும் இரண்டு தம்பிமாரும் வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். மாடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று அப்பா அங்கேயே நின்றுவிட்டார். வவுனியாவில் எங்களைக் கொண்டுபோய் அடைத்த இடத்துக்கு அரசாங்கம் வைத்த பெயர் நலன்புரி நிலையம். அந்தப் பெயரை வைத்தவர் ஒருநாளாவது அதற்குள் படுத்திருக்கமாட்டார். தகரம் போட்ட நீளக் கொட்டில்களைச் சேலையாலும் சாக்காலும் மறித்து, குடும்பத்துக்கு ஒரு துண்டு. எங்கள் துண்டுக்குப் பக்கத்துத் துண்டில் அக்காவும் மகளும் இருந்தார்கள். மகளுக்கு அப்போது ஆறு வயது.

அக்கா ஸ்கந்தபுரத்தில் கூலிவேலை செய்தவர். அதற்கு முன்னர் மலைநாடு. எழுபத்தேழில் கலவரத்தோடு வன்னிக்கு வந்த குடும்பம். இருபது வருடமாகியும் அவருடைய பேச்சில் தேயிலைத் தோட்டம் அப்படியே இருந்தது. 'ஓம்' மட்டும் எங்களிடம் கற்றுக்கொண்டார். முகாம் கொட்டிலையும் தோட்டத்து வரிசை வீடுபோல லயம் என்றே சொல்லுவார். புருஷன் இடம்பெயர்ந்து வந்த வழியில் மலேரியாவில் போய்விட்டார். ஆனால் அந்த மனிதரின் பெயரை நிவாரணப் பட்டியலில் இருந்து எடுக்க அக்கா விடவில்லை. கிராம அதிகாரி விதானையார் தலையில் அடித்துக்கொண்டார்.

"செத்த ஆளுக்கு அரிசி தரேலாது அம்மா."

"அரிசி யாரு கேட்டா? அரிசிய நீங்களே வச்சுக்கங்க. பேரு இருக்கட்டும்."

முதலில் எங்களுக்கு இது பகிடியாகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் எங்கள் வரிசையில் எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியின் பெயருக்குக் கீழே, பிறக்கப்போகும் பிள்ளை என்று ஒரு வரி எழுதச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டு எழுதினேன். பால்மா கொடுக்க வந்த அதிகாரியும் சிரித்துக்கொண்டுதான் அதைப் பதிந்தார். அடுத்த முறை லொறி வந்தபோது, பிறந்து பதினொரு நாளான அந்தக் குழந்தைக்குப் பால்மா இருந்தது. மற்ற வரிசைகளில் பிறந்த குழந்தைகளுக்கு இல்லை. அதற்குப் பிறகு அக்காவைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் பெயர் கேட்டால் கொடுத்தார்கள், வயது கேட்டால் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்கள். பால்மாவும் சீருடைத் துணியும் வயதைப் பார்த்துத்தான் வரும் என்பது அக்காவின் கண்டிப்பு.

அம்மாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "ஆமிக்காரனும் லிஸ்ற்றை வைச்சுத்தான் பிடிக்கிறான். கண்ட இடமெல்லாம் பேர் குடுக்காதை பிள்ளை," என்று என்னைக் கடிந்துகொள்வார். அது அக்காவின் காதிலும் விழுந்தது. சேலைக்கு அந்தப் பக்கம் இருந்தே அவர் அந்தக் கதையைச் சொன்னார். அவருடைய அப்பா வேலை செய்த தோட்டத்தில் பிரஜாவுரிமைக்குப் பெயர் எழுத ஒருவர் வந்தாராம். அன்றைக்கு என்று பார்த்து, அப்பாவைத் துரையின் பங்களாவுக்குச் சாமான் வாங்கிவர டவுனுக்கு அனுப்பிவிட்டார்கள். மழை. பஸ் வரவில்லை. அவர் நனைந்துகொண்டு லயத்துக்கு வந்தபோது எழுதுகிறவர் புத்தகத்தை மூடிவிட்டு ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த முறை பார்க்கலாம் என்றாராம்.

"அடுத்த முறை வரவே இல்ல தங்கச்சி. எங்கப்பா ஒரு சாயங்காலம் பிந்தி வந்ததால நாங்க எந்த நாட்டுக்கும் இல்லாமப் போயிட்டோம். அந்த மனுசன் சாகிறவரைக்கும் ஜீப்பு சத்தம் கேட்டா எந்திரிச்சு ஓடுவாரு."

அதற்குப் பிறகு அம்மா என்னைக் கடிந்துகொள்வதை விட்டுவிட்டார்.

முகாமை விட்டு வெளியே போக வேண்டுமானால் பாஸ் வேண்டும். காலையில் வாங்கி மாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒருவர் வெளியே போனால் அந்தக் குடும்பத்தில் இன்னொருவர் உள்ளே நிற்க வேண்டும், பிணை மாதிரி. எங்கள் வீட்டில் நாலு பேர் இருந்தபடியால் மாறி மாறிச் சமாளித்தோம். அக்கா வீட்டில் இரண்டே பேர். தாய் சந்தைக்குப் போனால் பிள்ளை உள்ளே. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன நாளில்கூட, நானும் பிள்ளையும்தான் போனோம்; அக்கா உள்ளே நின்றார். மூன்று வருடமாகத் தாயும் மகளும் ஒன்றாக முகாம் வாசல் படலையைத் தாண்டியதில்லை. பண்டாரவளைப் பக்கத்தில் அக்காவின் தங்கை இருந்தாள். எப்படியாவது மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட வேண்டும், கம்பிவேலி இல்லாத பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்க வேண்டும். அக்காவுக்கு உலகத்தில் வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியாது. ஒரு கொம்பனியில் வேலை என்று கடிதம் இருந்தால் மாதப் பாஸ் கிடைக்கும், அதில் பிள்ளையின் பெயரையும் போடலாம் என்று முகாமில் பேசிக்கொண்டார்கள். அந்தக் கடிதத்தைத்தான் அக்கா கனவு கண்டுகொண்டிருந்தார்.

கொம்பனி வேலை எங்கள் கொட்டில் வாசலுக்கே வந்தது. தெற்கே ஏதோ ஒரு தைக்கும் தொழிற்சாலை. அதற்கு வெளிநாட்டுக் கொம்பனியின் ஓடர். அங்கே தைத்த மெல்லிய பெண்கள் சட்டைகளின் கழுத்தைச் சுற்றிக் கண்ணாடி மணி வைத்துக் கையால் தைக்க வேண்டும். தொழிற்சாலையில் அதற்கு ஆளில்லையோ, நேரமில்லையோ, அது ஒருவர் கை மாறி இன்னொருவர் கைக்கு வந்து, கடைசியில் வவுனியா நகரத்துக்காரர் ஒருவர் பொதியாகக் கட்டி முகாமுக்குக் கொண்டுவந்தார். நாங்கள் அவரைப் பொதிக்காரர் என்றோம். சைக்கிள் கரியரில் செவ்வாய்க்கிழமை பொதி வரும், அடுத்த செவ்வாய் திரும்பிப் போகும். சட்டையில் தூசி படக்கூடாது என்று அக்கா எங்கள் வரிசை முழுவதையும் சாணி போட்டு மெழுக வைத்தார்.

ஊசி மயிர் போல மெல்லியது. நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கு அதில் நூல் கோர்க்க முடியாது. பிள்ளைகள்தான் கோர்த்துக் கொடுத்தார்கள். அதை யாரும் வேலை என்று நினைக்கவில்லை. வீட்டில் தண்ணீர் அள்ளித் தருவதைப் போலத்தான். அக்காவின் மகளுக்கு அதில் தனிக் கெட்டித்தனம். பள்ளிக்கூடம் விட்டு வந்து, ஒரே இருப்பில் முப்பது ஊசி கோர்த்து, சவர்க்காரத் துண்டில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். சவர்க்காரத்தில் குத்திய ஊசி துணியில் வழுக்கிக்கொண்டு போகும்.

சட்டையின் கழுத்தில் லேபிள் இருந்தது. ஒருநாள் அக்கா அதை என்னிடம் நீட்டினார்.

"இது யாரு பேரு தங்கச்சி?"

"கொம்பனியின்ர பேர் அக்கா. கீழ எங்கட நாட்டின்ர பேர்."

"தைச்சவங்க பேரு?"

"அதெல்லாம் போடமாட்டினம்."

"அது தப்பில்ல?" என்று கேட்டார். உண்மையாகவே கேட்டார். கடைக்காரன் அரிசியை நிறுக்காமல் கொடுத்தால் எப்படிக் கேட்போமோ அப்படி.

ஒரு வருடத்துக்கு மேல் அந்த வேலை நடந்தது. எங்கள் வரிசையில் மண்ணெண்ணெயும் மரக்கறியும் அதில்தான் வந்தன. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பொதிக்காரர் வியர்த்து விறுவிறுத்து வந்தார். வெளிநாட்டுக் கொம்பனியில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்திருக்கிறாராம். மணி தைக்கிற இடத்தைப் பார்க்காமல் திரும்பிப் போகமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாராம்.

"பத்துப் பேருக்குப் பாஸ் எடுத்துத் தாறன். ரவுனில ஒரு வீடு பிடிச்சிருக்கிறன். கதிரை, மேசை, காத்தாடி எல்லாம் போட்டாச்சு. நீங்கள் வந்து இருந்து தையுங்கோ. கேட்டால், நாங்கள் பத்துப் பேர்தான் எண்டு சொல்லுங்கோ. முகாம் எண்டு மட்டும் வாயே திறக்கப்படாது," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பிள்ளை, நீ இங்கிலீசில சமாளிப்பாய்தானே?" என்றார். உயர்தரம் வரை படித்திருந்தேன். அந்த ஆங்கிலத்தை வைத்து ஒரு வேலை கேட்க எனக்கு வழியிருக்கவில்லை. பெருமைக்காக ஓம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண்ணைப் பற்றிக் குறையாக ஒரு சொல் சொல்ல என்னால் முடியாது. பாசாங்கு செய்கிற ஆளில்லை. வெயிலில் முகம் சிவந்து அந்த ரவுன் வீட்டுக்குள் வந்து, நாங்கள் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்தார். கூட வந்த தொழிற்சாலை ஐயாவுக்குத் தமிழ் தெரியாது. அதனால் எல்லாம் என் வாய் வழியாகத்தான் போனது. தங்கள் கொம்பனி இத்தனை வருடமாக யார் தைத்தது என்று தெரியாமலே உடுப்பு விற்றிருக்கிறது, அது தனக்கு வெட்கமாக இருக்கிறது, இனிமேல் தங்கள் உடுப்பில் கை வைத்த ஒவ்வொருவரையும் அறிய வேண்டும் என்றார். நான் அதை ஒரு சொல்லும் பிசகாமல் தமிழில் சொன்னேன். எங்கள் பத்துப் பேரில் ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு அவர் பையைத் திறந்து, கோடு போட்ட தாள்கள் செருகிய அட்டையை மடியில் வைத்தார். பெயர், வயது, செய்யும் வேலை என்று கட்டம் கட்டமாக அச்சடித்த தாள். அப்படிப்பட்ட தாளை நாங்கள் எத்தனை தடவை கண்டிருக்கிறோம்! வெள்ளைக்காரர் வந்து, அட்டையை மடியில் வைத்து, பேனா மூடியைக் கழற்றினால் இரண்டு கிழமைக்குள் லொறி வரும். கூரைக்குத் தறப்பாள் வரும், வாளி வரும், மலேரியாவுக்கு நுளம்புவலை வரும். மூன்று வருடத்தில் ஒருமுறையாவது வேறு விதமாக நடந்ததில்லை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்காவின் கை ஏற்கெனவே இடுப்புக்குப் போய்விட்டது.

பொலித்தீன் பையைப் பிரித்து, தாளை என் மடியில் வைத்து, "முதல்ல இருந்து சொல்லு தங்கச்சி," என்றார்.

பொதிக்காரர் இருமினார். அக்கா அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. பத்துப் பேர் பதினைந்தாகி, இருபதாகி, எங்கள் வரிசை முழுவதும் அந்தக் கட்டங்களுக்குள் ஏறிக்கொண்டிருந்தது. பாதி வழியில் அந்தப் பெண் பேனாவை நிறுத்தினார்.

"எல்லாரும் உண்மையா இந்த வேலை செய்யிறவையோ எண்டு கேக்கிறா அக்கா."

"ஓம்னு சொல்லு. எங்க லயத்துல சும்மா இருக்கிற ஆளே கிடையாது."

செத்துப்போன புருஷனின் பெயரையும் அக்கா விடவில்லை. அந்தக் கொம்பனியின் புத்தகத்தில் மலேரியாவில் செத்த ஒரு மனிதர் பெண்கள் சட்டைக்கு மணி தைத்தவராக இருக்கிறார். மகளின் பெயர் வந்தது. ஒன்பது வயது என்றேன். அந்தப் பெண் நிமிர்ந்து, இவள் என்ன வேலை செய்கிறாள் என்று கேட்டார். நான் கேட்டுச் சொல்வதற்குள் அக்காவுக்கே விளங்கிவிட்டது. இரண்டு விரலால் ஊசியைப் பிடித்து நூல் கோர்ப்பதுபோலச் செய்து காட்டினார். மூன்று முறை பத்து விரலையும் விரித்து, முப்பது ஊசி என்று காட்டினார். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. அந்தப் பெண் அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டே எழுதினார்.

அங்கேயாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். அவருடைய முகம் மாறியதை நான் கண்டேன். இது தறப்பாளுக்கான பதிவு இல்லை என்று எனக்குப் பாதி விளங்கியிருந்தது. ஆனால் மீதிப் பாதி, நுளம்புவலை வந்தால் எங்கள் வீட்டுக்கும் நாலு வரட்டும் என்று நினைத்தது. அடுத்த வரியில் என் இரண்டு தம்பிமாரின் பெயரையும் நானே வாசித்தேன். சின்னவனுக்கு ஏழு வயது. அக்காவைப் பற்றிக் கதைக்கும்போது நான் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எல்லாம் முடிந்து எழும்பும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "எனக்கும் புள்ளைக்கும் வேலைன்னு ஒரு கடிதம் தருவாங்களான்னு கேளு." கேட்டேன். அந்தப் பெண் அக்காவின் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டு, இதை எழுதாமல் விடமாட்டேன் என்றார். அன்று பின்னேரம் முகாமுக்குத் திரும்பும் வழியில் அக்கா மகளுக்கு ஒரு சோடி றப்பர் செருப்பு வாங்கினார். தூரப் பயணத்துக்குச் செருப்பு வேண்டுமே என்றார்.

இப்போது உடுப்புக் கொம்பனிகள் எந்த உடுப்பு எந்தத் தொழிற்சாலையில் தைக்கப்பட்டது என்று பட்டியல் போட்டு எல்லோருக்கும் காட்டுகின்றனவாம். நல்ல விஷயம்தான். அதைக் கேட்பவர்கள் கேட்கட்டும், போடுபவர்கள் போடட்டும். நான் மட்டும் பட்டியல் என்ற சொல் காதில் விழுந்தால் எழும்பிப் போய்விடுவேன்.

அந்தப் பெண் வந்துபோன பிறகு நாலாவது செவ்வாய்க்கிழமை பொதிக்காரர் பொதி இல்லாமல் வந்தார். தைத்தது, தைக்காதது, மிச்ச மணி, ஊசி எல்லாவற்றையும் திருப்பி வாங்கிக் கட்டினார். பிறகு சட்டைப் பையில் இருந்து இரண்டு மூன்று தாள்களை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன். தங்களுக்குத் தெரியாத இடத்தில், அனுமதி இல்லாமல், சிறுவர்களையும் வைத்து வேலை நடந்திருக்கிறது. இதைக் கொம்பனி ஏற்றுக்கொள்ளாது. உடனே நிறுத்த வேண்டும். இனிமேல் கைவேலை எல்லாம் தொழிற்சாலைக்கு உள்ளேயே செய்யப்பட வேண்டும். சிறுவர்களின் நலனுக்காக உரியவர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. பின்னால் பெயர்கள் அழகாக அச்சடித்து இணைக்கப்பட்டிருந்தன.

"எங்க பேரு இருக்குதா?" என்று அக்கா கேட்டார்.

"இருக்கு அக்கா."

"எங்க இருக்கு?"

"முதலாவதா உங்கட பேர்தான்."

அக்கா அந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "அக்கா, வேலையை நிப்பாட்டச் சொல்லித்தான் எழுதியிருக்கினம். பிள்ளையளை வேலைக்கு வைச்சிருக்கிறமாம்," என்றேன்.

அவர் நம்பவில்லை. "பேரு எழுதிக்கிட்டு எதுக்கு நிப்பாட்டணும்? பேரு இல்லாதவனைத்தானே நிப்பாட்டுவாங்க?"

பொதிக்காரர் சைக்கிளைத் திருப்பினார். "பத்துப் பேர் எண்டு சொல்லச் சொன்னனான். நீங்கள் கேக்கேல்லை. இப்ப ஆரைக் குறை சொல்லுறது? அந்த மனிசியும் நல்லதுக்குத்தான் எழுதியிருக்கும். நான் வாறன்." பிறகு அவர் வரவே இல்லை.

எங்கள் வரிசையில் அடுப்புகள் சுருங்கின. மண்ணெண்ணெய் வாங்க முடியாமல் ஆறு மணிக்கே எல்லாத் துண்டுகளும் இருண்டன. கிணற்றடியில் அக்கா வாளியை வைத்தால் மற்றவர்கள் தள்ளி நின்றார்கள். ஊரையெல்லாம் சேர்த்துப் பேர் குடுத்தவள் என்று அவர் காதுபட ஏசினார்கள். அந்தப் பெயர்களை ஆங்கிலத்தில் வாசித்தவள் நான் என்பது ஒருவருக்கும் நினைவு வரவில்லை. நானும் நினைவூட்டவில்லை. பள்ளிக்கூடம் போகாதவர் மேல் பழியைப் போடுவது எவ்வளவு இலகுவாக இருந்தது! சேலைக்கு இந்தப் பக்கம் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து, அச்சடித்த அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, சிறுவர் நலனுக்காக வந்தேன் என்று ஒருவர் வந்தார். பிள்ளைகளுக்கு ரொபி கொண்டுவந்தார், மரியாதையாகக் கதைத்தார். பட்டியலில் உள்ள பிள்ளைகளைத் தூரத்தில் உள்ள ஓர் இல்லத்தில் சேர்க்கலாம், அங்கே சாப்பாடும் படிப்பும் உண்டு என்றார். தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு முதலிடம். எதிர்த் துண்டில் இருந்த ஒரு தாய் பசிக்கு ஈடு கொடுக்க முடியாமல் இரண்டு பிள்ளைகளுக்கும் கையெழுத்து வைத்தாள். பிள்ளைகளைப் பார்க்கப் போக அவளுக்குப் பாஸ் கிடைக்கவில்லை. அவள் பாஸ் கந்தோர் வாசலில் குந்தியிருந்து அழுததை எங்கள் எல்லோரையும் போல அக்காவும் பார்த்தார்.

அக்காவின் மகளுடைய பெயரை வந்தவர் வாசித்தபோது, அக்கா, "அவ மலைநாட்டுக்குப் போயிட்டா," என்றார். அவர் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அதுதான். பிள்ளை உள்ளே அரிசிச் சாக்குக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். என் தம்பிமார் அப்பாவிடம் போய்விட்டார்கள் என்று அம்மாவும் சொன்னார். வந்தவர் மூன்று பெயருக்கும் பக்கத்தில் அடையாளம் போட்டுக்கொண்டு, மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் தம்பிமார் ஒரு கிழமை ஒளித்திருந்துவிட்டு மறுபடி பள்ளிக்கூடம் போனார்கள். அக்கா மகளை அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்தில் காலையில் இடாப்பில் பெயர் கூப்பிடுவார்கள் அல்லவா? அதற்குப் பயந்தார். கம்பிவேலி இல்லாத பள்ளிக்கூடம் என்று ஆசைப்பட்டவர், கம்பிவேலிக்குள் இருந்த பள்ளிக்கூடத்தையும் பிள்ளைக்கு இல்லாமல் ஆக்கிவிட்டார். பகலில் அந்தத் துண்டின் சேலை மூடியே கிடந்தது. பிள்ளை குசுகுசுத்துப் பேசப் பழகிவிட்டாள். ஜீப் சத்தம் கேட்டால் அக்கா வெளியே வருவதில்லை, உள்ளே போய்விடுவார். பொலித்தீன் பையை ஒருநாள் அடுப்பில் போட்டார். அந்த நாற்றம் எங்கள் பக்கமும் வந்தது.

இரண்டாயிரத்து ஒன்றில் ஒரு செய்தி வந்தது. நெடுநாள் முகாமில் இருக்கும் குடும்பங்களுக்கு நகரத்துக்கு வெளியே காடு வெட்டிக் காணி கொடுக்கப் போகிறார்கள். எழுதுகிறவர் ஒவ்வொரு துண்டாக வருவார், அன்று பெயர் கொடுத்தவர்களுக்குத்தான் காணி. முதலில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு எங்களுக்கு முன் வரிசையை எழுதிக்கொண்டு உண்மையாகவே ஒரு கிளாக்கர் வந்தார். நான் சேலையை விலக்கிக்கொண்டு அக்காவிடம் ஓடினேன். அவர் மகளின் தலையைத் தன் மடியில் அமத்திப் பிடித்துக்கொண்டு மூலையில் இருந்தார்.

"அக்கா, காணிக்குப் பதியினம். எழும்பி வாங்கோ."

"நாங்க இல்லைன்னு சொல்லிடு தங்கச்சி."

"இது அது இல்லை அக்கா. இது உண்மையாக் காணி. இனிப் பாஸ் தேவையில்லை. நீங்களும் பிள்ளையும் ஒண்டா வெளியில போகலாம்."

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை, குத்திக்காட்டுகிற தொனியும் இல்லை. சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்கிறவர்போலக் கேட்டார்.

"அன்னிக்கும் நீதானே வாசிச்சே?"

நான் வெளியே வந்தேன். கிளாக்கர் அக்காவின் துண்டுக்கு முன்னால் வந்து நின்றார். சேலை மூடியிருந்தது.

"இதில ஆர் இருக்கினம் பிள்ளை?"

உள்ளே பிள்ளை சத்தமில்லாமல் மூச்சு விடப் பார்த்தாள். எனக்குக் கேட்டது. அம்மா என்னைப் பார்த்தார். ஒரு சொல் சொன்னால் போதும், அவர் சேலையை விலக்கிப் பார்த்திருப்பார். அக்கா கத்தியிருப்பார், பிள்ளை அழுதிருக்கும், ஆனால் இரண்டு பேரும் அந்தத் தாளில் ஏறியிருப்பார்கள். அவர்களுக்காக இன்னொருமுறை வாய் திறக்க எனக்குத் துணிவு வரவில்லை.

"ஒருத்தரும் இல்லை," என்றேன்.

அவர் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு எங்கள் துண்டுக்கு வந்தார். நான் எங்கள் நாலு பேருடைய பெயரையும் வயதோடு சொன்னேன். அவர் ஒவ்வொன்றையும் திருப்பி வாசித்துச் சரிபார்த்து எழுதிக்கொண்டார்.